அப்பாவின் பீங்கான் மூட்டு குறித்து மேலூர் மாமாவுக்கு

உசிலம்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

மேலூர் கல் குவாரியில் மேஸ்திரியாக வீற்றிருக்கும் என் தாய்மாமன் காசிமாயன் அவர்களுக்கு, பிளஸ் ஒன் படிக்கும் மருமகள் ஜெயக்கொடி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவின் வலது முழங்காலைத் தவிர மற்ற யாவரும் நலம். அங்கே தங்கள் முழங்கால்கள் இரண்டும், அவற்றுக்கு மேலே உள்ளவையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் யாரிடம் பேசினாலும் "ஆஸ்பத்திரிக்காரன்கிட்டயா பேசுற?" என்று அப்பா வந்து நிற்கிறார். ஆகவே தபால்.

அப்பாவுக்கு மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றியே ஆக வேண்டும் என்று மதுரை டாக்டர் சௌரிராஜன் சொல்லிவிட்டார். போன சந்தையில் உங்கள் மச்சான் லோடு ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. மாட்டோடு கூட நடந்து பார்க்காத மாட்டுத் தரகரை யார் நம்புவார்கள்? இப்படியே போனால் தொழிலை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார். அவர் உள்ளே உட்கார்ந்தால் நானும் அம்மாவும் வெளியே உட்கார வேண்டியதுதான். சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று போனால், வாட்ச் கட்டினாலே இவருக்குக் கை தடித்து அரிக்கும் என்று அம்மா டாக்டரிடம் போட்டுக்கொடுத்தாள். சோதித்துப் பார்த்ததில் நிக்கல் ஆகாத உடம்பாம். வழக்கமான உலோக மூட்டில் அது கொஞ்சம் கலந்திருக்குமாம், அதனால் செராமிக் மூட்டு வைக்கலாம் என்றார் டாக்டர். அப்படியென்றால் என்ன என்று அப்பா கேட்க, பீங்கான் வகையறா என்று நான் சொல்லித் தொலைத்தேன்.

வந்தது வினை. முழங்காலை மடக்க முடியாத மனிதர் டாக்டரை மடக்கு மடக்கென்று மடக்கினார். மேஜைமேல் மாதிரிக்கு வைத்திருந்த வெள்ளை மூட்டைக் கையில் வாங்கி, காளைக்குச் சுழி பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சுண்டினார், காதோரம் வைத்துக் கேட்டார். கீறல் இல்லை என்றதும் சந்தேகம் இன்னும் கூடிப்போச்சு. இம்புட்டு நல்ல சரக்கை எதற்கு நம்ம தலையில், அதாவது காலில், கட்டுகிறான்? டாக்டர் பொறுமையாக, இது டீ குடிக்கிற கோப்பை இல்லை, ரொம்பக் கெட்டி, வழவழப்பு, தேய்மானம் குறைவு என்று விளக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நேர்மையான மனிதர், இடுப்பு மூட்டில் இது பழைய சங்கதி, முழங்காலில் புதுசு, நீண்ட கால அனுபவம் குறைவு, அபூர்வமாக உடையவும் கூடும் என்றும் சேர்த்துச் சொன்னார். தன் மாட்டுக்குத் தானே குறை சொல்கிறவன் அதைவிடப் பெரிய குறையை மறைக்கிறான் என்பது சந்தை வேதமாச்சே. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து டாக்டரின் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துக்கொண்டார். சந்தையில் துண்டுக்குள் விரலைத் தொட்டுத்தானே பேரம். நிஜம் அங்கேதான் வருமாம். எத்தனை வருசம் வரும் என்று கேட்டார். டாக்டர், பாவம், பெரியவர் பயந்துவிட்டார் என்று நினைத்து, "நல்லா வரும்யா, கவலப்படாதீங்க" என்று அவருடைய இரண்டு விரல்களை அன்பாக அழுத்தினார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ரெண்டு வருசந்தானாம். வாய் பொய் சொல்லும், வெரல் சொல்லாது. எந்திரிங்க போவோம்."

அம்மா பஸ்ஸில் கத்தியும் பார்த்தாள், வீட்டில் அழுதும் பார்த்தாள். அப்பாவோ, கல்லைத் தட்டியே உள்ளே இருப்பதைச் சொல்லக்கூடிய ஆள் என் மச்சினன் ஒருத்தன்தான், அவன் வந்து சொல்லட்டும் என்கிறார். ஆகவே மாமா, கல்லை உடைக்கும் வேலையை நிறுத்திவிட்டு, இந்தக் கல்லைக் கரைக்க உடனே புறப்பட்டு வரவும். அத்தைக்கு வணக்கம். உங்கள் மகன் சித்தார்த்துக்குத் தலையில் ஒரு கொட்டு, என் சார்பில் நீங்களே வைக்கவும்.

தங்கள் ஆசியை நாடும்,
ஜெயக்கொடி

பின்குறிப்பு: மாமா, வர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் காரியம் முடிந்தது. சந்தையில் அப்பாவுக்குப் பரம எதிரியான தரகர் மொக்கையன், அதே வெள்ளை மூட்டைப் பேசி முடிக்க மதுரைக்குப் போயிருக்கிறாராம் என்று அப்பா காதில் விழும்படி அம்மாவிடம் சொன்னேன். அப்பா உடனே டாக்டருக்குப் போன் போட்டு, "அத வேற யாருக்கும் காட்டிறாதீங்க, நான் பிடிச்சுக்கிறேன்" என்று வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டார். ஒரே ஒரு சிக்கல். மொக்கையனுக்கு மூட்டுவலியே கிடையாது. இன்று காலையில்கூட ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறினார். வெள்ளிக்கிழமை வரை அவரை நொண்ட வைக்க ஏதாவது வழி தெரிந்தால் மட்டும் எழுதவும்.