ஆறரை மணிப் பல்வரிசை

"நாப்பத்தொண்ணு!" என்று குளியலறைக்குள்ளிருந்து அலறல் வந்தது.

காய்ச்சலாக இருந்தால் நாற்பத்தொன்றுக்குப் பதற வேண்டியதுதான். ஆனால் அது லைக் கணக்கு என்பது அடுப்படியில் நின்ற மனைவிக்குத் தெரியும். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆறரைக்குப் போட்டிருக்கான். அஞ்சே நிமிஷத்துல நாப்பத்தொரு பேர்!" வாயெல்லாம் பற்பசை நுரையோடு வெளியே வந்தார் ஆலோசகர். "என்ன எழுதியிருக்கான் தெரியுமா? அட்டைப்பெட்டிக்கு மேல பேர் எழுதாதீங்க, பக்கவாட்டுல எழுதுங்க, அடுக்கினா மேல்பக்கம் தெரியாதுன்னு. இது யார் சொன்னது? நான் சொன்னது!"

"முதல்ல வாயைக் கொப்புளிச்சுட்டு வாங்க. தரையெல்லாம் நுரை."

ஆலோசகருக்குத் தொழில், கம்பெனிகளின் கிடங்குகளை எப்படி அடுக்குவது என்று யோசனை சொல்வது. இருபத்திரண்டு வருட அனுபவம். எந்தக் கிடங்குக்குள் நுழைந்தாலும் எந்தச் சரக்கு எந்த மூலையில் அழுகிக்கொண்டிருக்கிறது என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவார். அவரிடம் நான்கு வருடம் அளவு நாடா பிடித்துக்கொண்டு நின்றவன்தான் இப்போது தனிக்கடை போட்டு, தொழில்காரர்கள் கூடும் அந்த வலைத்தளத்தில் தினமும் காலை ஆறரைக்கு ஒரு பதிவு போடுகிறான். பதிவுக்கு மேலே அவன் படம். படத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரியும். அதனால் இந்த வீட்டில் அவனுக்குப் பெயரே முப்பத்திரண்டு.

ஆலோசகரும் எழுதாமல் இல்லை. போன வாரம் 'கிடங்கு நிர்வாகத்தில் ஒழுங்கின் இன்றியமையாமை' என்று பதினோரு பத்தி எழுதினார். மூன்று லைக் விழுந்தது. ஒன்று மனைவி, ஒன்று அவரே. மூன்றாவது யாரோ கைதவறிப் போட்டது போலிருக்கிறது, மறுநாள் காணோம்.

"எதுக்கு நாளுக்குப் பத்து தடவை அவன் பக்கத்தைப் போய்ப் பார்க்கறீங்க?" என்றாள் மனைவி. அவள் பள்ளிக்கூட ஆசிரியை, கேள்வி கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டாள். "யார் யார் வந்து பார்த்தாங்கன்னு அவனுக்கு அது காட்டிக் குடுத்துடுமே, தெரியாதா?"

ஆலோசகர் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. "பார்த்தது தெரியுமா?"

"பேரு, போட்டோவோட தெரியும்."

அதே நேரம் போன் 'டிங்' என்றது. 'வணக்கம் சார்! இந்த வாரம் மட்டும் என் பக்கத்துக்கு முப்பத்தேழு தடவை வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம் சார்!' கீழே பல்.

மானமே போயிற்று. வேறு யாராவது என்றால் அன்றோடு தலைமுழுகியிருப்பார்கள். நம் ஆலோசகரோ மறுநாள் காலை மனைவியின் போனை எடுத்தார். அதற்கடுத்த நாள் மாமியாரின் போனை எடுத்தார்.

புதன்கிழமை சாயங்காலம் மனைவி பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாகப் பையைச் சோபாவில் வீசினாள்.

"என்னங்க, என் போன்ல என்ன நோண்டினீங்க? திறந்தாலே அந்தப் பல்லுதான் வருது. நான் ஃபாலோ பண்றேன்னு எங்க ஸ்டாஃப் ரூம் முழுக்கக் காட்டியிருக்கு. கணக்கு டீச்சரோட வீட்டுக்காரர் பெயிண்ட் கம்பெனி வெச்சிருக்காராம், அவனைக் கூப்பிட்டு ஆர்டரே குடுத்துட்டாராம். 'உங்க புண்ணியம்'னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றா!"

"பெயிண்ட் கம்பெனியா? பெருசா?"

"ஏழு கிடங்காம்."

ஆலோசகருக்கு வயிறு பற்றி எரிந்தது. ஏழு! இவரிடம் இப்போது மிச்சமிருக்கும் பெரிய வாடிக்கையாளர் ஒரே ஒரு பிஸ்கட் கம்பெனிதான். பன்னிரண்டு வருடப் பழக்கம். அவர்கள் புதிதாகக் கட்டும் பிரம்மாண்டமான கிடங்கின் வேலை யாருக்கு என்று வெள்ளிக்கிழமை முடிவாகிறது. அது கைவிட்டுப் போனால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டு அலமாரியை அடுக்க வேண்டியதுதான்.

"இவனை நாலு பேர் முன்னாடி நாறடிக்கணும்" என்று பல்லைக் கடித்தார். அன்றே 'உண்மை விளம்பி' என்று ஒரு கள்ளக் கணக்கைத் திறந்தார். முப்பத்திரண்டின் பதிவுக்குக் கீழே, 'பெட்டியைத் திருப்பி வைத்தால் பக்கவாட்டில் எழுதியது எப்படித் தெரியும், அரைவேக்காடே?' என்று ஒரு போடு போட்டார்.

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. 'அருமையான கேள்வி சார்! எதிரெதிர் பக்கம் ரெண்டிலும் எழுதிட்டா பிரச்சினையே இல்லை.'

அந்த 'சார்' அவரை என்னவோ செய்தது. விடுவாரா? மறுபடி எழுதினார். பதில் வந்தது. மறுபடி எழுதினார். சண்டை என்றால் வேடிக்கை பார்க்கக் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? கிடங்கு என்றால் என்னவென்றே தெரியாத ஜனமெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது. வியாழன் காலைக்குள் லைக் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது.

வியாழன் காலை சாப்பாட்டு மேஜையில் மாமியார் ஏக உற்சாகமாக இருந்தார். பெண் வீட்டுக்கு ஒரு மாதம் தங்க வந்தவர். மாப்பிள்ளை அவர் போனை நோண்டிய நாளிலிருந்து அவருக்கும் முப்பத்திரண்டின் பதிவுகள் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

"மாப்பிள்ளை, அந்தத் தம்பி எவ்வளவு மரியாதையா பேசுது! அதைப் போய் எவனோ உண்மை விளம்பியாம், வயித்தெரிச்சல் புடிச்சவன், வம்புக்கு இழுக்கறான். நான் விடலையே! 'உனக்கெல்லாம் வேலைவெட்டி கிடையாதா, உன்னைக் கட்டிக்கிட்டவ பாவம்டா'ன்னு நல்லா நறுக்குன்னு எழுதினேன். அதுக்கு மட்டும் அறுநூறு பேரு ஹார்ட் போட்டிருக்காங்க!"

மனைவி காபிக் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"நல்லது அத்தை" என்றார் ஆலோசகர்.

இந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். பொறாமை என்ன கைக்கடிகாரமா, வேண்டாமென்றால் கழற்றி வைக்க? முப்பத்திரண்டின் பதிவு இவ்வளவு தூரம் ஓடினால் பிஸ்கட் முதலாளி கண்ணிலும் பட்டுவிடுமே என்ற பயம் பிடித்துக்கொண்டது. அவர் கண்ணில் படுவதற்கு முன்னால் நாமே முந்திக்கொள்வோம் என்று தீர்மானித்தார். முப்பத்திரண்டின் பதிவுகளில் ஆறைப் பொறுக்கி எடுத்து முதலாளிக்கு அனுப்பினார். ஒவ்வொன்றின் கீழும், 'இவன் என்னிடம் வேலை பார்த்தவன். இதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. ஒரு வரி விடாமல் என்னுடையது' என்று எழுதினார்.

முதலாளியிடமிருந்து கட்டைவிரல் வந்தது. ஆறுக்கும் ஆறு கட்டைவிரல். ஆலோசகர் அன்று முழுக்க நிம்மதியாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பிஸ்கட் கம்பெனிக்குப் போனால், வரவேற்பறை சோபாவில் முப்பத்திரண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆலோசகரைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். நேரில் நாலு பல்தான் தெரிந்தது. பக்கத்தில் மடிக்கணினியோடு ஒரு பெண். அவளும் சட்டென்று எழுந்து, "நீங்கதானா சார் அது! உங்களைப் பார்க்கணும்னு எனக்கு எவ்வளவு நாளா ஆசை! உட்காருங்க சார், உட்காருங்க" என்று தன் இடத்தையே விட்டுக் கொடுத்தாள்.

அட, நம்மை மதிக்கவும் ஒருத்தி இருக்கிறாளே என்று ஆலோசகருக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

முதலாளி பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினார். "வாங்க வாங்க. உங்களுக்குத்தான் முதல்ல நன்றி சொல்லணும்."

"எதுக்குங்க?"

"பன்னிரண்டு வருஷத்துல நீங்க ஒருத்தரைக்கூட நல்லவிதமா சொன்னதில்லை. எங்க வாட்ச்மேன் நிக்கறதுலகூடக் குறை சொல்வீங்க. அப்படிப்பட்டவர் ஒரே நாள்ல ஆறு தடவை ஒருத்தரைப் பத்தி அனுப்பறீங்கன்னா, அவர்கிட்ட எவ்வளவு விஷயம் இருக்கணும்! அதுவும் ஒரு வரி விடாம உங்க வித்தைன்னு நீங்களே உத்தரவாதம் தர்றீங்க. கண்ணை மூடிக்கிட்டு அவருக்கே குடுத்துட்டேன்."

"புதுக் கிடங்கா?"

"பழசையும் சேர்த்துத்தான். உங்களுக்கும் வயசாகுது, உங்க இடத்துக்குத் தூக்கி விட ஒரு ஆள் தேடியிருக்கீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். பெரிய மனசுங்க உங்களுக்கு."

ஆலோசகர் வாயைத் திறந்தார். 'ஐயோ, நான் போட்டுக் கொடுக்கத்தான் அனுப்பினேன்' என்று சொல்லவா முடியும்? ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தார். கையெழுத்துப் போட முப்பத்திரண்டு உள்ளே போனான். போகும்போது, "எல்லாம் உங்களாலதான் சார்" என்றான். அதை வேறு கேட்க வேண்டியிருந்தது.

சோபாவில் பொத்தென்று விழுந்தார். பன்னிரண்டு வருடம். அந்தக் கம்பெனியில் எந்தத் தட்டில் எந்தப் பெட்டி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதை ஒரு பல்வரிசை தூக்கிக்கொண்டு போய்விட்டது. அழுகைகூட வந்தது, பிஸ்கட் கம்பெனி வரவேற்பறை என்பதால் அடக்கிக்கொண்டார்.

"தண்ணி குடிங்க சார்" என்று பாட்டிலை நீட்டினாள் அந்தப் பெண்.

"நீ யாரும்மா?"

"அவரோட பதிவெல்லாம் நான்தான் சார் பார்த்துக்கறேன். எழுதறது, ஆறரைக்குப் போடறது, கமெண்ட்டுக்குப் பதில் சொல்றது எல்லாமே. போன வருஷம் வரைக்கும் அவரை யாருக்குமே தெரியாது சார். அப்புறம்தான் ஒரு திட்டம் போட்டோம்."

"ஏன் ஆறரை? எல்லாரும் பத்து மணிக்கு மேலதானே போடறாங்க?"

"ஆறரைக்குப் போட்டாத்தான் சார் பார்க்க வேண்டியவர் எந்திரிச்சதுமே பார்ப்பார்" என்று சிரித்தாள்.

ஆலோசகர் அரை பாட்டில் தண்ணீரைக் குடித்தார். கதவைப் பார்த்தார். அது மூடியேதான் இருந்தது. மானம், ரோஷம், இருபத்திரண்டு வருட அனுபவம் எல்லாவற்றையும் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டு, அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"இதப் பாரும்மா. அவனுக்குச் செஞ்ச அதே திட்டத்தை எனக்கும் செஞ்சு தர முடியுமா? அச்சு அசலா அதே மாதிரி வேணும்."

அந்தப் பெண் முகம் மலர மடிக்கணினியைத் திறந்தாள்.

"தாராளமா செஞ்சுடலாம் சார், ஒரே ஒரு பேரு மட்டும் சொல்லுங்க போதும்: அவருக்கு நீங்க கிடைச்ச மாதிரி, உங்களைப் பார்த்து வயிறு எரியற ஆள் யாரு சார்?"