ஒரு சாண் பந்தல்

"இன்னும் ஒரு சாண்தான் சித்தப்பா. அதுக்கு மேல சுருள மாட்டேங்கறது."

நவநீத் கைப்பிடியை விட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டான். கரமனை அக்ரகாரத்துத் தெருவின் நட்டநடுவில், எந்தப் பக்கமும் ஒட்டாமல், ஒரு பெரிய வெள்ளை வண்டி நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. வெள்ளைக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவதற்காகக் கோவளத்து டிராவல்ஸ் ஒன்று வாங்கியது. 2003-இல் அப்படி ஒரு வண்டி அந்தத் தெருவுக்கு அதிசயம். 'வண்டிவீடு' என்று அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. நவநீத் அதன் டிரைவர். வேலையில் சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது.

வண்டியின் பக்கவாட்டில் ஒரு துணிப்பந்தல். கைப்பிடியைச் சுழற்றினால் விரியும். மறுபக்கம் சுழற்றினால் சுருண்டு பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். காலை பத்து மணியிலிருந்து அது பூட்டிக்கொள்ள மறுத்தது.

"ஒரு சாண்தானேடா? அப்படியே ஓட்டிண்டு போயிடேன்" என்றார் பிச்சுமணி.

"பந்தல் பூட்டலேன்னா இஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. கியரும் அசையாது. வெளிநாட்டுல அப்படித்தான் பண்ணி வெச்சிருக்கான்."

சாயங்காலம் ஆறு மணிக்குச் சுவாமி புறப்பாடு. பல்லக்கு வர இந்தத் தெருவை விட்டால் வேறு வழி இல்லை. பிச்சுமணியோ, அக்ரகாரத்துக் கோயில் காரியங்களைப் பார்க்கும் கிராம சமூகத்தின் செக்ரட்டரி. முந்தின நாள், தம் வீட்டு வாசல்வரை பந்தலை விரித்துக் காட்டவேண்டும் என்று வண்டியை நடுத்தெருவில் நிறுத்தச் சொன்னதே அவர்தான். மாடி ஜன்னலுக்குக் கீழே வந்து முட்டி நின்ற பந்தலைத் தெருவே பார்த்து வாயைப் பிளந்தது. ராத்திரியும் அதைச் சுருட்டவில்லை. தலைவர் அனந்தநாராயணன் மட்டும், "நாளைக்குப் புறப்பாடாக்கும், ஓர்மை இருக்கோ?" என்று கேட்டார். "பத்து மணிக்கெல்லாம் வண்டி போயிடும். நான் பொறுப்பு" என்று மார்தட்டியதும் இவர்தான்.

ஓர்மை இருக்கிறதா என்று அனந்தநாராயணன் சும்மா கேட்கவில்லை. பிச்சுமணி கெட்டிக்காரர், நல்லவர். ஞாபகம் ஒன்றுதான் அவருக்கு எதிரி. பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கக் கொண்டுபோன தேங்காயைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்து, "இன்னிக்குத் தேங்காய்ச் சட்னி பண்ணேன்" என்று மனைவியிடம் நீட்டியவர் அவர். ஆனாலும் பதினோரு வருஷமாக ஒரு புறப்பாடுகூடத் தடைப்பட்டதில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவரை நாலு பேர் "செக்ரட்டரி சார்" என்று கூப்பிடுவது இந்தப் பதவியால்தான். இது போனால் வெறும் பிச்சுமணி.

"பிள்ளையாரே, இது மூடிட்டா ஒரு தேங்காய்" என்று வேண்டிக்கொண்டார்.

அவர் மனைவி லலிதாம்பாள் தேங்காய் எண்ணெய்க் குப்பியோடு வந்தாள். "இதை விட்டுப் பாருங்கோ. அது கெடக்கட்டும், காத்தால வடாம் போட ஏணியில ஏறி எறங்கினேளே, முட்டு வலிக்கறதோ?"

"இன்னிக்கு வலியே இல்லை" என்றார் பிச்சுமணி. உண்மையிலேயே வலி இல்லை.

தேங்காய் எண்ணெய்க்கு இளகாத சாமான் கேரளத்தில் கிடையாது என்பது அவர் நம்பிக்கை. பாதிக் குப்பியைக் கைப்பிடியின் மூட்டில் கவிழ்த்தார். நம்பிக்கை வீண்போகவில்லை, மூட்டு இளகிவிட்டது. நவநீத் கை வைத்ததும் கைப்பிடி வழுக்கிக்கொண்டு தானாகப் பின்னால் சுழன்றது. ஒரு சாண் இருந்தது ஒரு முழம் ஆயிற்று.

"தேங்காய் பதினொண்ணு" என்று முணுமுணுத்தபடி நிமிர்ந்தவர், எதிர்வீட்டு மாடியில் நாகலக்ஷ்மி மாமி நிற்பதைப் பார்த்தார்.

நாகலக்ஷ்மி மாமி வாரத்தில் ஆறு நாள் பேசுவாள். அந்த ஆறு நாளும் வேறு யாரும் பேச இடம் கிடைக்காது. வெள்ளிக்கிழமை மட்டும் மௌன விரதம். சாயங்கால தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறப்பாள். எழுதிக் காட்டினாலும் விரதம் கெட்டது என்பது அவள் கட்சி. தெருவும் அந்தக் கட்சியை முழுமனதோடு ஆதரித்தது. அன்று வெள்ளிக்கிழமை.

மாமி பிச்சுமணியைப் பார்த்து, ஒற்றை விரலை உயர்த்தி மேலே மேலே என்று காட்டினாள்.

பிச்சுமணிக்கு மனம் குளிர்ந்தது. "ஆமாம் மாமி, மேல இருக்கறவன் பாத்துப்பான்!" என்று கையைக் கூப்பினார்.

மாமி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாவம், என் தலையெழுத்தை நெனச்சு வருத்தப்படறா" என்றார் நவநீதிடம்.

மத்தியானம் கிள்ளிப்பாலத்திலிருந்து வெல்டிங் மெக்கானிக் வன்னியராஜை அழைத்து வந்தார்கள். அவன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, குனிந்து பந்தலின் அடிப்பக்கத்தைப் பார்த்தான். தட்டினான். மோந்துகூடப் பார்த்தான்.

"உள்ள என்னமோ தடிச்சுப் போய்க் கெடக்கு சாமி. துணி நீர் கோத்திருக்கும். ரெண்டு தட்டு தட்டினா ஒதுங்கிரும்."

"கம்பெனி வண்டி, பாத்துத் தட்டுங்க சேட்டா" என்றான் நவநீத், அழாத குறையாக.

"இருபது வருசமா தட்டுதேன் தம்பி. எங்கிட்ட ஒண்ணும் ஒடைஞ்சது கெடையாது."

பெட்டியின் விளிம்பில் சுத்தியல் இறங்கியது. மூன்றாம் தட்டில் 'கடக்' என்று ஒரு சத்தம். ஒரு முழம் இருந்த பந்தல் சரசரவென்று பாதிக்கு விரிந்து, அங்கேயே விறைத்து நின்றது.

"ஒடையல பாத்தீங்களா?" என்றான் வன்னியராஜ்.

தேங்காய் ஐம்பத்தொன்றாகியது. எதிர்மாடியில் மாமி இப்போது விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் கொண்டுபோய்க் காட்டினாள்.

"ஆச்சு மாமி! மோர் சாதம் சாப்ட்டாச்சு! நீங்க கவலைப்படாதேங்கோ!"

மாமி கண்களை மூடி மூச்சை இழுத்து விட்டாள். பிறகு ஏதோ தீர்மானித்தவளாக, இரண்டு கைகளாலும் காற்றில் எதையோ பிடித்து அழுத்தித் திருகினாள். மறுபடியும் மறுபடியும் திருகினாள்.

பிச்சுமணிக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. "வன்னியராஜ்! மாமி திருகச் சொல்றா. மேலேந்து பாக்கறவாளுக்குத்தானே தெரியும்? ஸ்க்ரூ ஏதாவது இருக்கா பாரு!"

இருந்தது. பெட்டியின் ஓரத்தில், சிவப்பு வண்ணம் அடித்து, தொடாதே என்பதுபோல ஒரு படமும் ஒட்டியிருந்த ஸ்க்ரூ. வன்னியராஜ் அதைத் திருகினான். உள்ளே இருந்த ஸ்பிரிங் விடுதலை பெற்றது. பந்தல் முழுவதும் ஒரே பாய்ச்சலில் விரிந்து, முந்தின நாள் போலவே பிச்சுமணி வீட்டு ஜன்னலுக்குக் கீழே போய் மோதி நின்றது. இனி கைப்பிடியைச் சுழற்றினால் கைப்பிடி மட்டும் சுழன்றது.

எதிர்மாடியில் மாமி துள்ளிக் குதித்தாள். கையைத் தட்டினாள். பந்தலைக் காட்டினாள், பிச்சுமணியைக் காட்டினாள், மறுபடி கையைத் தட்டினாள்.

"கைகொட்டிச் சிரிக்கறா பாருடா" என்றார் பிச்சுமணி. "சிரிக்கட்டும். எனக்கு வேணும்." அதற்குப் பிறகு அவர் எதிர்மாடிப் பக்கம் திரும்பவே இல்லை. தேங்காய் நூற்றெட்டைத் தாண்டிவிட்டதால் எண்ணுவதையும் நிறுத்திக்கொண்டார்.

ஆறு மணிக்கு நாதஸ்வரம் கேட்டது. பல்லக்கு தெருமுனை திரும்பி, நேரே வந்து, வண்டியின் முன்னால் நின்றது. மேளமும் நின்றது. எல்லார் கண்ணும் பிச்சுமணியின் மேல்.

"செக்ரட்டரி சார்" என்றார் அனந்தநாராயணன், வெகு நிதானமாக. "சுவாமிக்கு வழி?"

பிச்சுமணி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வன்னியராஜைப் பார்த்தார்.

"அறுத்துடு."

"சித்தப்பா!" என்று நவநீத் அலறினான். "ஜோலி போயிடும்!"

"உன் கம்பெனிக்கு நானே வந்து சொல்றேன்டா கண்ணா. தப்பு என்னோடது. என் வாசல்ல சுவாமி நிக்கப்படாது."

வன்னியராஜ் பந்தலைத் தாங்கும் இரும்புக் கையின்மேல் ரம்பத்தை வைத்தான். குருக்களுக்கு அதைப் பார்க்க மனம் வரவில்லை போலிருக்கிறது. "அதுக்குள்ள தீபாராதனையை இங்கயே காட்டிடறேன்" என்று கற்பூரத்தை ஏற்றினார். மணி அடித்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அப்போது எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. நாகலக்ஷ்மி மாமி கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கற்பூரத் தட்டில் கையை வைத்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், ஒரு பகல் முழுவதும் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

"பிச்சுமணி! காத்தால ஏணி ஏறச் சோம்பல்பட்டுண்டு, உங்காத்து மாடி ஜன்னல் வழியா வடாம் பிழிஞ்ச வேஷ்டிய இந்தப் பந்தல் மேல விரிச்சயே, அதை எடுத்துட்டுச் சுருட்டப்படாதோ?"