மடியில்லாத தாய்மாமன்

இந்த உலகத்தில் நின்றுகொண்டே வருஷக் கணக்கில் குடித்தனம் நடத்திய மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊரில் இருந்தார். குதிரைகூடப் படுத்து எழும்போது நடுவில் ஒரு கணம் உட்காரும். இவர் அதுவும் செய்யமாட்டார்.

குழந்தைகளே, அவர் உங்கள் தாய்மாமன்தான். உங்கள் அம்மாவுக்கு ஒரே அண்ணன். சின்னவர்கள் நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. ஊரில் அவருக்கு ‘நிக்கிற பட்டாளம்’ என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. எல்லாத் தொல்லையும் அந்தப் பெயரால் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய சண்டையின்போது கப்பலேறி மெசபடோமியாவுக்குப் போனவர். துப்பாக்கி பிடிக்கவில்லை. சுடுமணலில் கோவேறு கழுதைகளின் முதுகில் தண்ணீர் ஏற்றி, பட்டாளம் இருந்த இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். நாள் முழுக்கக் கழுதைகளோடு பேசிப் பழகியதால், திரும்பி வந்த புதிதில் எங்களையும் ‘ஹோய்!’ என்றுதான் கூப்பிடுவார். நாங்களும் திரும்பிப் பார்ப்போம்.

ஒரு தரம் பாலக்காட்டுக்குப் பெரிய துரை ஒருவர் முகாம் வந்தார். சண்டைக்குப் போய் வந்தவர்களுக்கு மரியாதை செய்வதாக ஏற்பாடு. பதக்கம் வாங்கியவர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு நிற்க இடம். மாமன் காக்கிச் சட்டையைச் சுடுதண்ணீர்ச் செம்பால் தேய்த்து மாட்டிக்கொண்டு போய், முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மலையாளத்துக் குமாஸ்தா ஒருவர் வந்து அவருடைய பட்டாளத்துப் புத்தகத்தைப் புரட்டினார்.

“புக்கில மெடல் ஒண்ணும் காணானில்லல்லோ. எழுந்திரிக்கணும்.”

“நல்லாத் தேடிப் பாருங்க. தண்ணி சொமந்தது கழுதை மட்டுமில்லீங்க, நானுந்தானுங்க.”

“புக்கிலுள்ளதே எனிக்கறியூ. எழுந்திரிங்கோ.”

மாமன் எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. கூட்டத்தைப் பார்த்து முழக்கமிட்டார்: “என்ற பதக்கம் இந்தப் புக்குல ஏறோணும். அது வரைக்கும் நானு உக்கார்றதில்லீங்க. நாக்காலீல மட்டுமில்லீங்க, எதுலயுமில்லீங்க!”

நன்றியுரை சொல்கிறார் என்று நினைத்துத் துரை கை தட்டினார்.

வண்டிக்கு வந்ததும் கோபம் தணிந்துவிடும் என்று நம்பினேன். எங்கே! ஊர் வந்து சேரும்வரை மாட்டு வண்டியில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றே வந்தார். கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு கிழவி ஏதோ சாமி புறப்பாடு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமன் அவளுக்கு ஒரு சலாம் வைத்தார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. இலையை நெற்குதிரின் மேல் போட்டு நின்றுகொண்டே சாப்பிட்டார். கல்யாணப் பந்திகளில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்க, இவர் ஒருவர் மட்டும் தூணோடு தூணாக நின்று, கையில் இலையை ஏந்திக்கொண்டிருப்பார். ரசம் ஊற்ற வருகிறவன் ஓடிப்போவான். சவரம் செய்யவந்தவர் உரலின் மேல் ஏறி நின்றுதான் கத்தி பிடிக்கவேண்டும். படுக்கலாமா என்ற கேள்விக்கு, படுப்பது வேறு உட்காருவது வேறு என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். ஆனால் நிற்கிற மனிதர் நடுவில் உட்காராமல் படுப்பது எப்படி? வெட்டிய தென்னை மாதிரி அப்படியே கட்டிலில் சாய்வார். கட்டில் கயிறு மாற்றி மாளவில்லை. நீங்கள் கேட்க நினைக்கிற இன்னொரு கேள்வியை அந்தக் காலத்திலேயே ஊரில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பட்டாளத்துச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று பதில் சொன்னார்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்த எனக்கே ஒருநாள் வினை வந்தது. பெரியவளே, நீ பிறந்தாய்.

காது குத்தவேண்டும். நம் பக்கத்து வழக்கப்படி தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவது. உனக்கு இருந்தது ஒரே தாய்மாமன். நிற்கிற மனிதருக்கு மடி ஏது?

“அண்ணா, சித்த நேரம் உக்காருங்ணா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்” என்று உங்கள் அம்மா கெஞ்சினாள்.

“என்ற வாக்கு என்னாவறது அம்மிணி? மடிதான வேணும்? நின்னுட்டே தாரேன்.” ஒரு காலை உரலின் மேல் தூக்கி வைத்தார். “பாரு, இதும் மடிதான்.”

உன்னை அதில் வைத்தோம். நீ சறுக்கிக்கொண்டு நேரே, காது குத்தவந்த பத்தரின் கைக்குப் போனாய். திரும்ப வைத்தோம், திரும்பச் சறுக்கினாய். நீ கைகொட்டிச் சிரித்தாய். பத்தர் ஊசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “ஏனுங்க, நான் காது குத்த வந்தனுங்களா, சறுக்குமரம் பாக்க வந்தனுங்களா?”

நீ நடக்க ஆரம்பித்தாய். பேச ஆரம்பித்தாய். காது மட்டும் மூளியாகவே இருந்தது. ‘மூளிக்காதி’ என்று தெருப் பிள்ளைகள் கூப்பிட, நீ அழுதுகொண்டு ஓடி வந்து அம்மாவின் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாய். அன்று உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில், மனு எழுதுவது என் வேலை என்பது விளங்கிவிட்டது.

எனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் நான் எழுத, பள்ளிக்கூட வாத்தியார் அதை இங்கிலீஷாக்கினார். வடக்கே பட்டாளத்து ரிக்கார்டு ஆபீசுக்கு அனுப்பினோம். வெகுகாலம் கழித்து வந்த பதிலை வாத்தியார் படித்துச் சொன்னார்: இந்தப் பெயருள்ளவருக்கு ஏற்கெனவே இரண்டு தடவை பதக்கம் கொடுத்தாகிவிட்டது, மூன்றாம் தடவை கேட்பது தவறு.

மாமன் கர்ஜித்தார். எனக்கோ பொறி தட்டியது.

எங்கள் ஊரில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். பழனிசாமி மகன் வேலுசாமி, வேலுசாமி மகன் பழனிசாமி, அப்படியே மாறி மாறிப் போகும். பாதி வீடுகளில் இந்த இரண்டு பெயர்கள்தான். மாமன், வேலுசாமி மகன் பழனிசாமி. அதே சண்டைக்குச் சமையல்காரராகப் போனவர் ஒருவர் இருந்தார். அவரும் எங்கள் ஊர், வேலுசாமி மகன் பழனிசாமி. இரண்டு பேரையும் ஆபீசில் ஒரே ஆளாக்கி, இரண்டு பேர் பதக்கத்தையும் சமையல்காரர் கணக்கில் ஏற்றிவிட்டார்கள்!

சமையல்காரர் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் காவல் வேலைக்குப் போயிருந்தார். மாமனும் நானும் கிளம்பினோம். பொள்ளாச்சி வரைக்கும் ரயிலிலும் அதற்கப்புறம் வண்டியிலும் நின்றே வந்தார். மறையூர் வழியாக மலையேறி நடந்தபோதுதான் நான் அவருக்குச் சமமானேன்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் சமையல்காரர் மார்பில் ஒரு ஜோடிப் பதக்கம் குத்தியபடி எங்களை வரவேற்றார். விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பிளந்தார்.

“அட கெரகமே! ரெண்டு ஜோடி வந்துச்சுங்க. எல்லாத்துக்கும் ஒரு ஜோடி, உனக்கென்னடா ரெண்டுன்னு இங்க இருக்கறவிய கேட்டாங்க. சோத்துக்கு ஒரு ஜோடி, பருப்புக்கு ஒரு ஜோடின்னு சொன்னனுங்க.”

“உன்ற பருப்ப நானும் தின்னிருக்கறன்” என்றார் மாமன். “பதக்கம் எதுக்குடா, கேசு போட்டிருக்கோணும். என்ற ஜோடி எங்க?”

சமையல்காரர் தலையைச் சொறிந்தார். “ரெண்டையும் ஒருத்தனே போடறது அதிகப்படின்னு, ஒண்ண ஆத்தாளுக்குச் சாத்திப்போட்டனுங்க.”

லயத்துக்கு மேலே சின்ன மாரியம்மன் கோயில். உள்ளே அம்மன் ஒரு காலை மடித்து வீற்றிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிற்றில் மாமனின் இரண்டு பதக்கங்களும் பளபளத்தன.

பூசாரி கையை விரித்து மறித்தார். “அம்மனுக்குச் சாத்துனது சாத்துனதுதான்யா. களட்டப்படாது. ஊருக்கே ஆகாது.”

மாமன் அம்மனை நெடுநேரம் பார்த்தார். “பாருங்க மாப்ள” என்றார் என்னிடம். “என்ற பதக்கத்தப் போட்டுட்டு ஆத்தா சொகமா உக்காந்துட்டா. நான் நிக்கறன்.” பிறகு குதிகாலைச் சேர்த்து, அம்மனுக்கு மேலதிகாரிக்கு வைக்கிற சலாம் ஒன்று வைத்தார்.

சமையல்காரர் கண் கலங்கித் தன் மார்பிலிருந்ததைக் கழற்றி நீட்டினார். “இத எடுத்துக்குங்ணா. பேரு ஒண்ணுதான? ஊரு ஒண்ணுதான?”

மாமன் அதை வாங்கித் திரும்ப அவர் சட்டையிலேயே குத்திவிட்டார். “போடா பைத்தியகாரா. இத நான் போட்டா, பொறவு நீயில்ல நிக்கோணும்? புக்குல ஏறுனாப் போதும். தகரம் யார் கழுத்துல கெடந்தா என்ன?”

மறுநாள் தோட்டத்துத் துரையிடம் போனோம். ஆபீசுக்கு விளங்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பழனிசாமி ஒருவரா, இருவரா? துரை இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து, விரல் நீட்டி “ஒன், டூ” என்று எண்ணினார். சந்தேகம் தீர இன்னொரு தரம் எண்ணிவிட்டு, இருவர்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சமையல்காரர் கைநாட்டு வைத்தார். அந்தக் காகிதத்தோடு மாமனின் புத்தகத்தையும் ரிக்கார்டு ஆபீசுக்கு அனுப்பினோம்.

திருத்திய புத்தகம் தபாலில் வந்த அன்று ஊரே எங்கள் வாசலில் கூடிவிட்டது. பதக்கங்கள் ஏறியிருந்த பக்கத்தை மாமன் வாத்தியாரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இன்னும் உரக்கப் படிக்கச் சொன்னார். யாரோ எங்கிருந்தோ ஒரு நாற்காலி தூக்கி வந்தார்கள். மாமன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“அத யாராச்சும் தொரைக்குக் கொண்டு போய்க் குடுங்க. அம்மிணி, மணையப் போடு. பத்தரக் கூப்புடு.”

பழக்கம் விட்டுப்போன முழங்கால்கள் மடங்க மறுத்தன. நானும் இன்னொருவரும் அக்குளில் கை கொடுத்து, கிணற்றில் வாளி இறக்குவதுபோல மெதுவாக அவரை மணையில் இறக்கினோம். ஊர் ஆரவாரம் செய்தது. உன்னைத் தூக்கி அந்த மடியில் வைத்தோம். நீ சறுக்கவில்லை.

பெரியவளே, இன்றைக்கும் கண்ணாடி முன்னால் போய் நின்று, வலது காதுத் தோடு இடதைவிட மேலே இருக்கிறது என்று அந்தப் பத்தரைத் திட்டுகிறாய். அவரைத் திட்டாதே அம்மா. அவர் கை பிசகவில்லை. நடுங்கியது உன் மாமனின் மடி.