லாரி ஏறிய டெம்பர் சார்

இரும்பின் உடல்நிலையை நினைத்துக் கவலைப்பட்டே இளைத்துப்போன மனிதர் பாலக்காடு மாவட்டத்தில் ஒருவர்தான். அவர் டெம்பர் சார். பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த எங்கள் போல்ட் கம்பெனியில் அவர் உலைப்பிரிவு சூப்பர்வைசர். நான் சரக்கு அனுப்பும் கிளார்க்.

உயர்வலு எஃகு போல்ட்டுகளைச் செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்குவார். சட்டென்று குளிர்ந்ததும் எஃகின் உள்ளமைப்பு ஊசி ஊசியாக இறுகிவிடும். கடினம் ஏராளம், ஆனால் ஓங்கி ஓர் அடி தாங்காது. அதனால் மிதமான சூட்டில் மறுபடி வைத்துப் பதப்படுத்த வேண்டும். அதுதான் டெம்பரிங். கடினம் கொஞ்சம் இறங்கும். அடி தாங்கும் பலம் ஏறும்.

இதை ஊருக்கே புரியவைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. டீக்கடை அடுப்பில் ரம்பப் பிளேடைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, அப்பளம்போல் ஒடித்துக் காட்டுவார்.

“ஏனுங்க டெம்பர் சார், பாலு பொங்குதுங்க! பிளேடை எடுங்க!” என்று கடைக்கார அக்கா கத்துவார்.

“கொஞ்சம் பொறுங்க அம்மணி, இன்னும் பதம் வரலீங்க.”

“எதுக்கு? பாலுக்கா, பிளேடுக்கா?”

ஒருநாள் சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து அவசர ஆர்டர். இலை உருட்டும் மெஷினுக்குப் போல்ட். போல்ட்டுகளை எண்ணெயில் முக்கி எடுத்ததும் எங்கள் முதலாளியம்மா சோதித்துப் பார்க்கச் சொன்னார். கடினம் எக்கச்சக்கம்.

“அப்படியே ஏத்துங்க” என்றார்.

“இன்னும் டெம்பரிங் போடலீங்கம்மா.”

“கஷ்டப்பட்டுக் கெட்டியாக்கிப்போட்டு, மறுக்கா எதுக்கு மெதுவாக்கோணும்? மெஷின் நிக்குதாமா, ஏத்துங்க!”

பெட்டிகள் லாரியில் ஏறின. கூடவே டெம்பர் சாரும் மதியச் சோற்றுத் தூக்குப்போசியோடு ஏறி ஒரு பெட்டிமேல் சம்மணம் போட்டார். நானும் கெஞ்சினேன், இறங்கவில்லை. வண்டியை எடுத்தால் இறங்கிவிடுவார் என்று டிரைவர் எடுத்தார். டெம்பர் சாரோ தூக்குப்போசியைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட ஆரம்பித்தார். டீக்கடை வரை ஊர்வலம் போனது. முதலாளியம்மா காரில் துரத்தி வந்து மறித்தார்.

“இறங்கப்போறீங்களா, கணக்கு முடிச்சுக்கறீங்களா?”

அவர் தூக்குப்போசியை மூடினார். கை கழுவினார். கீழே இறங்கி ஒரு போல்ட்டை லாரியின் இரும்புச் சட்டத்தில் செருகி, டிரைவரின் சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. போல்ட்டின் தலை தெறித்து டீக்கடைப் பால் சட்டியில் விழுந்தது. அக்கா வாயடைத்து நின்றது அன்று மட்டும்தான்.

முதலாளியம்மா சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வண்டியத் திருப்புங்க” என்றார்.

மறுநாள் பதப்படுத்திய ஒரு போல்ட்டை அதே சட்டத்தில் செருகி முதலாளியம்மா கையிலேயே சம்மட்டியைக் கொடுத்தார் டெம்பர் சார். அம்மா மூச்சுவாங்க அடித்தார்; போல்ட் வளைந்ததே தவிர ஒடியவில்லை. சரக்குப் போனது.

“வேலையே போயிருக்குமுங்களே சார்! சூரியநெல்லில உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்கறாங்களா?” என்று கேட்டேன்.

“எனக்கு ஆருமில்லீங்க. ஆனா அந்த மெஷினுக்குப் பக்கத்துல ஆராச்சும் நிப்பாங்கல்லங்க?”

அன்று மாலை என் பைக்கில் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவன் நான். அன்று ஒவ்வொரு பள்ளத்தையும் பார்த்துப் பார்த்து, மெதுவாக ஓட்டினேன்.