அம்மாவின் எடைக் கணக்கு இடிக்கிறது

சேவூர்,
செவ்வாய்க்கிழமை.

தெள்ளாரில் உரக்கடையும் அதன் வாசலில் ஊர் நியாயமும் குறைவின்றி நடத்திவரும் பெருமதிப்பிற்குரிய தாய்மாமன் சந்திரமோகன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை பரிமளாவின் மகன் ஹேமநாத் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு அனைவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் இன்று செவ்வாய்க்கிழமை, அப்பா பட்டினி. காரணம் கீழே வரும். அங்கு தாங்களும் அபிதகுசாம்பாள் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சரிபார்க்க வழியில்லை. போனில் நான் வாயைத் திறந்ததும் வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் விளக்கம் எழுதினால் பதிலுக்கு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வருகின்றன. அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது. வைத்தாலும் மறுபடி எடுத்தால் அதே இடத்தில் இருக்கும்.

விஷயம் ஒன்றே ஒன்று. போன வாரம் நீங்கள் போன் செய்து அம்மாவை எடை தூக்கக் கூடாது என்று நிறுத்தினீர்கள். அதை நீங்களே வாபஸ் வாங்க வேண்டும். ராஜவேலு சித்தப்பா சொன்னதை வைத்து முடிவெடுத்திருக்கிறீர்கள். அவர் ஆரணியில் ஏறி, வந்தவாசியில் இறங்கி, வேறு பஸ் பிடித்து உங்களிடம் வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்தியில் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார். நான் செய்யாறு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருப்பவன். அளந்து பார்க்காமல் ஒரு நட்டைக்கூட ஒதுக்க எனக்கு அதிகாரம் இல்லை. நீங்கள் அளக்காமல் ஒரு மனுஷியை ஒதுக்கிவிட்டீர்கள். ஆகவே உங்களிடம் சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் எடுத்து உண்மை அளவைப் பக்கத்தில் வைக்கிறேன்.

முதலில், இது எப்படி ஆரம்பித்தது. சித்திரையில் ஒருநாள் காலை, தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி எல்லோருமாகப் பாவு சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா மயங்கிப் பாவின் மேலேயே விழுந்தார். அப்பா பாதி பதறியது அம்மாவுக்காக, மீதி பாவுக்காக. நான் பக்கத்தில் இருந்ததால் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு ரத்தமும் குறைவு, எலும்பிலும் பலம் குறைவு, வயிறாரச் சாப்பிடுங்கள், தெரிந்த ஆளிடம் கற்றுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்குங்கள், இந்த மாத்திரையையும் போடுங்கள் என்றார். அம்மா மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தார். நான்தான் அன்புச்செல்வியைக் கண்டுபிடித்தேன். காலேஜ் காலத்தில் பளு தூக்கிப் பரிசு வாங்கிய பெண், இப்போது மூடிக்கிடந்த விசைத்தறிக் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்துக் காலையில் பெண்களுக்கு மட்டும் வகுப்பு நடத்துகிறார். அம்மா பேண்ட் போட்டுக்கொண்டு தெருவில் போனாள் என்று ராஜவேலு சித்தப்பா சொன்னது தவறு. அது என்னுடைய கம்பெனி டிராக் பேண்ட், அதன்மேல் நைட்டி, அதன்மேல் துப்பட்டா, அதற்கும் மேல் வேர்வை துடைக்க அப்பாவின் துண்டு. பேண்ட் வெளியே தெரியவே வாய்ப்பில்லை.

முதல் நாள் அன்புச்செல்வி யாரையும் எடை மாட்டும் கம்பியைத் தொட விடவில்லை. வரிசையாக நிற்கவைத்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். எல்லோரும் டீ என்றார்கள். டீ சாப்பாட்டில் சேராது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று மொத்த வகுப்பையும் திருப்பி அனுப்பினார். அம்மாவை மட்டும் நிறுத்தி, வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று விசாரித்தார். நான் வாசலில் பைக்கை ஓடவிட்டபடி அவசரத்தில் இருந்தேன், கம்பெனி பஸ் போய்விடும்.

"மிஞ்சறத சாப்புடுவேம்மா" என்றார் அம்மா.

"மிஞ்சலன்னா?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்கு விரதம்னு சொல்லிடுவேன்."

நான் பைக்கை அணைத்தேன். அன்று கம்பெனிக்கு லீவு போட்டேன். உட்கார்ந்து கணக்குப் போட்டதில் செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம், அதோடு மிஞ்சாத நாட்கள் எல்லாம் போக, அம்மா சாப்பிடும் நாள்தான் எங்கள் வீட்டில் விசேஷ நாளாக இருந்திருக்கிறது.

அடுத்து, புருஷனைப் பட்டினி போடுகிறாள் என்ற புகார். இது திரிக்கப்பட்ட செய்தி. சாப்பிடாத நாளில் கம்பியைத் தொடக் கூடாது என்பது அன்புச்செல்வியின் சட்டம். சாமிக்கு நேர்ந்துகொண்ட விரதத்தை விட முடியாது என்பது அம்மாவின் சட்டம். இரண்டையும் எடுத்துக்கொண்டு அம்மா கோயில் குருக்களிடம் போனார். விரதம் குடும்பத்தின் பெயரில்தானே, வீட்டில் யார் இருந்தாலும் போய்ச் சேரும் என்று அவர் சொல்லிவிட்டார். அன்று மாலையே அம்மாவின் விரதங்கள் அனைத்தும் அப்பாவின் பெயருக்கு மாற்றப்பட்டன. அப்பா சம்மதித்துத்தான் ஏற்றுக்கொண்டார். அவருக்குத் தெரிந்த விரதம் புரட்டாசிச் சனிக்கிழமை அம்மா செய்துகொடுக்கும் இட்லி, கேசரி, வாழைப்பழம் உள்ள விரதம். அம்மாவின் விரதத்தில் தண்ணீர் மட்டும்தான் உண்டு என்பதை முதல் செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் தெரிந்துகொண்டார். "இத்தினி வருசமா இப்படியாடி இருந்துகினு இருந்த?" என்று கேட்டார். அம்மா முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

தறியின் எடைகளைக் களவாடிப் புடவையைப் பாழாக்கினாள் என்பது பாதி உண்மை. வீட்டிலும் பழக வேண்டும் என்று அன்புச்செல்வி சொன்னாராம். நாங்கள் பாவு தளராமல் இருக்கத் தறிக்குப் பின்னால் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டிருப்போம் அல்லவா, அம்மா அவற்றை அவிழ்த்து, துணி சுருட்டும் பழைய உருளைக்கட்டையின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டார். அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பாவும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. தளர்ந்த பாவில் மத்தியானம் வரை நெய்திருக்கிறார். முந்தானையில் வரவேண்டிய மயில்கள் எல்லாம் கழுத்து அமுங்கி, உடம்பு பெருத்து, கோழிகளாக வந்துவிட்டன. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். புடவை வாங்கும் கடைக்காரர் வந்து பார்த்து, அப்பாவிடம், இந்தக் கோழி டிசைன் புதுசாக இருக்கிறதே, இன்னும் ரெண்டு போட்டுக்கொடு முருகேசா என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது முந்தானை வரும்போது அப்பாவே, "பரிமளா, ஜல்தி வந்து மூட்டய அவுத்துகினு போ" என்று கூப்பிடுகிறார். நான் உருளைக்கட்டையை அளந்து பார்த்து, ஒரு முனை பருமனாக இருப்பதால் அம்மா ஒரு பக்கமாகச் சாய்கிறார் என்று கண்டுபிடித்து, நேரான இரும்புக் கம்பி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவை மண்டிக்குக் கொண்டுபோய் மூட்டை மாதிரி எடை போடுகிறார்கள் என்பது மட்டும் முழு உண்மை. எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும். பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பார்கள், புடவையை நிறுத்து வாங்குவார்கள், நடுவில் எடை குறைந்தால் நெய்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். அப்பா பிறந்ததிலிருந்து இந்த ஒரு விஞ்ஞானத்தில்தான் வாழ்கிறார். அம்மா வேளாவேளைக்குச் சோறு, பருப்பு, மீன், முட்டை, வேர்க்கடலை என்று உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியதும், உள்ளே போகும் எடையை எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் அம்மாவை ஏற்றிக்கொண்டு அரிசி மண்டி எடைமேடையில் நிற்கவைத்துப் பார்த்தார். கணக்கு இடித்தது, உள்ளே போன அளவுக்கு எடை ஏறவில்லை. கச்சாப் பட்டைச் சோப்புப் போட்டு வேகவைத்தால் பசை போய்க் கால் பங்கு எடை குறையும் என்பதால், அம்மாவுக்கும் பசைக்கென்று கால் பங்கு தள்ளுபடி கொடுத்துப் பார்த்தார். அப்போதும் இடித்தது. யாரோ நடுவில் சாப்பிடுகிறார்கள் என்று முடிவுசெய்து முதலில் பூனையை, பிறகு என்னைச் சந்தேகப்பட்டார். சாப்பாடு உடம்பில் எரிந்து மூச்சாகவும் வேர்வையாகவும் போகிறது என்று படம் வரைந்து விளக்கினேன். "வேர்வையில போச்சுன்னா வேர்வைய நிறுத்துக் காட்டுடா" என்றார். அம்மாவின் துண்டை வகுப்புக்கு முன்னும் பின்னும் பட்டுத் தராசில் நிறுத்துக் காட்டினேன். அதை ஒத்துக்கொண்டார். மூச்சை நிறுக்க என்னிடம் கருவி இல்லை. அந்தப் பாக்கிக்காக இன்றுவரை என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

கடைசியாக, நடுத்தெருவில் புருஷனைத் தலைக்குமேல் தூக்கினாள் என்ற செய்தி. இதைக் கேட்டுத்தான் நீங்கள் போனை எடுத்தீர்கள் என்று நினைக்கிறேன். தலைக்குமேல் இல்லை, இடுப்பு வரைதான். அன்றும் பாவு நீட்டியிருந்தோம், அன்றும் விரத நாள். கண் இருட்டிக்கொண்டு வந்த அப்பா, டவுன் பஸ்ஸுக்கு வழிவிடப் பின்னால் நகர்ந்து சாக்கடையில் உட்கார்ந்துவிட்டார். பாவுக் கோலை மட்டும் விடவில்லை. விட்டால் பாவு பஸ் சக்கரத்துக்குப் போய்விடும். சுற்றி நின்ற ஆண்கள் எந்தப் பக்கம் பிடிப்பது என்று பேசிக்கொண்டு நின்றார்கள். அம்மா பாதங்களை அகட்டி வைத்தார், மூச்சை இழுத்தார், இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து ஒரே எடுப்பில் எடுத்து மேடான இடத்தில் வைத்தார். முதுகு கடைசி வரை நேராக இருந்தது. இதை நான் தொழில்ரீதியாகச் சொல்கிறேன். கண்டக்டர் விசில் கொடுத்தது பஸ் கிளம்புவதற்காக, வேறு அர்த்தம் இல்லை. அப்பா அவமானப்பட்டார் என்றும் சொன்னார்களாம். அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்து, "கணக்கு டேலி ஆயிடுச்சு" என்று மட்டும் சொன்னார். போன எடையெல்லாம் எங்கே போயிற்று என்று அவருக்கு அங்கேதான் தெரிந்தது. மூச்சு பாக்கியைத் தவிர.

இவ்வளவுக்குப் பிறகு நீங்கள் போன் செய்தீர்கள். "பரிமளா, இத்தோட நிறுத்திக்கோ. நம்ம வூட்டுப் பொம்பளைங்க தூக்கற எடையா இது?" என்றீர்கள். அம்மா "சரிண்ணா" என்றார். அவ்வளவுதான்.

மாமா, நேராகவே கேட்கிறேன். நம் வீட்டுப் பெண்கள் தூக்காத எடை எது? தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, நனைந்த ஜமுக்காளம். உங்கள் வீட்டில் கிரைண்டர் குழவியை அத்தை தினமும் தூக்கிக் கழுவுகிறார். அப்போதெல்லாம் உங்களுக்கு அது எடையாகத் தெரியவில்லை. கம்பியில் மாட்டிப் பக்கத்தில் முட்டையும் வைத்த பிறகுதான் தெரிந்ததா?

அன்றிலிருந்து ஒரு வாரமாக அம்மா கொட்டகைக்குப் போகவில்லை. டிராக் பேண்ட் மடித்த மடிப்பில் அலமாரியில் இருக்கிறது. கம்பி மேல் அப்பளம் காய்கிறது. நான் ஷிப்ட் முடிந்து வந்தால் எனக்கும் அப்பாவுக்கும் தட்டு வைத்துப் பரிமாறிவிட்டு, நீ சாப்பிடும்மா என்றால், "நீங்க சாப்புடுங்க" என்று எழுந்து போய்விடுகிறார். பழைய பேச்சு, பழைய குரல். எனக்குப் பயமாக இருக்கிறது, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை அம்மா பாவின் மேல் விழுந்தால் பாவைப் பிரித்தெடுத்துவிடலாம். அம்மாவை என்ன செய்வது? அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொல்லாதவர் உங்கள் தங்கை. அதனால் நீங்களே போன் செய்து "தூக்கு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம், ரோஜாப்பூ கூடவே கூடாது.

தங்கள் கடையில் யூரியாவும் தங்கள் தேகத்தில் சுகமும் என்றும் தட்டுப்பாடின்றி இருக்கவும், அத்தை மனமும் வயிறும் நிறைந்து வாழவும் நம் குலதெய்வத்தை வேண்டி, பெரியவர்களாகிய உங்கள் இருவரின் ஆசிக்காகத் தலைகுனிந்து நிற்கும்,

தங்கள் மருமகன்,
ஹேமநாத்.

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். தப்பாகிவிட்டது. அம்மா தூக்காமல் இருப்பது உங்கள் பேச்சைக் கேட்டு அல்லவாம். தொடர்ந்து தூக்கினால் உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று அன்புச்செல்வி எல்லோருக்குமே ஒரு வாரம் லீவு விட்டிருக்கிறார். நாளைக் காலை மறுபடி வகுப்பு, எடையும் ஏற்றுகிறார்களாம். எங்களோடு உட்காராததற்குக் காரணம், நாங்கள் வருவதற்குள் அம்மா சுடச்சுடச் சாப்பிட்டு முடித்துவிடுகிறார். எங்கள் தட்டில் இருந்ததுதான் மிஞ்சியது. பிறகு ஏன் மாமாவிடம் சரி என்றாய் என்று கேட்டேன். "சரின்னா அண்ணன் போன ஜல்தி வெச்சிடும், அதான்" என்றார். ஆகவே நீங்கள் எதையும் வாபஸ் வாங்க வேண்டியதில்லை, யாரும் எதையும் நிறுத்தவில்லை. இன்னொன்று. உங்கள் வீட்டு கிரைண்டர் குழவி கொல்லைப்புறத்துக்கு இடம் மாறியிருந்தால் தேட வேண்டாம், அது அங்கே பத்திரமாக மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறது. அத்தை இரண்டு மாதமாக அம்மாவிடம் போனில் கற்றுக்கொள்கிறார். அத்தையின் வெள்ளிக்கிழமை விரதத்துக்கும் குருக்களிடம் பேசி உங்கள் பெயரைக் கொடுத்தாயிற்று. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து கையைக் கழுவிவிடுங்கள்.