டிரம் மேஸ்திரியின் வெந்நீர்த் தொட்டி

வேலூர்க் கோட்டையை யார் யாரோ வந்து பிடித்திருக்கிறார்கள். ஆம்பூரில் எங்கள் தெரு டிரம் மேஸ்திரியின் வெந்நீர்த் தொட்டியை மட்டும் எந்தக் கொம்பனாலும் நெருங்க முடிந்ததில்லை. எழுபதுகளின் கடைசியில் நான் அவருக்கு எதிர் வீட்டில் குடியிருந்தேன். அவர் வேலை பார்த்த தோல் கம்பெனியில்தான் எனக்கும் குமாஸ்தா உத்தியோகம்.

தோல் பதனிடும் பெரிய மர டிரம்களை ஓட்டுவது மேஸ்திரியின் வேலை. அவர் சம்சாரத்துக்கு முட்டிவலி. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய் வருவதற்குள் அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தினமும் இடுப்பளவு வெந்நீரில் உட்கார வைத்தால் நடப்பார் என்றார் டாக்டர். வேறு யாராவது என்றால் இரண்டு செம்பு வெந்நீரைக் காலில் ஊற்றிவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். இவர், கம்பெனியில் கழித்துப் போட்ட ஒரு டிரம்மை முதலாளியிடம் கேட்டு வாங்கி, பாதியாக அறுத்து, மாட்டுவண்டியில் கொண்டுவந்து வீட்டுப் பக்கத்துச் சந்தில் இறக்கிவிட்டார். பக்கத்திலேயே செங்கல் அடுப்பும் செப்பு அண்டாவும்.

அந்த மரமோ வருஷக்கணக்காகத் தோலைப் பதம் போடும் ஆவாரம்பட்டைச் சாறு குடித்த மரம். முதல் வாரம் தொட்டித் தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. அம்மாவின் கால் இரண்டும் செம்பழுப்பாகிவிட்டன.

"இன்னா மேஸ்திரி, வூட்டம்மாவையே பதம் போட்டுட்ட போலக்கீதே?" என்றார் மளிகைக்கடை பாய்.

"ஆவாரம் உடம்புக்கு நல்லது பாய். நீயும் வந்து குந்து."

பாய் சிரிக்கவில்லை. "தோ பாரு, சந்துல சுடுதண்ணி வெச்சிக்கிற. பசங்க பந்து பொறுக்க வருவானுங்க. ஒருத்தன் கால் வழுக்கினான்னு வையி, நானே கோடாலியோட வந்து தொட்டிய உடைச்சிடுவேன். ஆமா."

தெருவே தலையாட்டியது. தொட்டி போனால் அம்மாவின் நடையும் போச்சு. அன்றைக்குப் பிடித்தது மேஸ்திரிக்குப் பைத்தியம்.

முதலில் முள்வேலி போட்டார். அப்புறம் தகரக் கதவு, கதவில் மாட்டு மணி. தொட்டிக்கு மாம்பலகையில் மூடி, மூடிமேல் அம்மிக்கல். மணி அடித்தால் சாப்பிட்ட கையோடு ஓடி வருவார். வந்து பார்த்தால் ஆடு நிற்கும். அதையும் ஒரு முறை திட்டிவிட்டுத்தான் போவார்.

வாணியம்பாடியில் அவருடைய தோஸ்த் மகளுக்குக் கல்யாணம். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பிரியாணியில் கை வைத்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"சார், மூடிமேல கல்லு வெச்சனா?"

"வெச்சீங்க மேஸ்திரி. நான் பார்த்தேன்."

"பாத்தியா, இல்ல பாத்தாப்ல இருந்துச்சா?"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மனிதர் கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அவர் பிரியாணியையும் நான்தான் சாப்பிட்டேன். வீணாக்கலாமா?

கல் வைத்த இடத்தில்தான் இருந்தது. இருந்தாலும் கல்லைப் பசங்கள் உருட்டிவிடலாம் என்று அவருக்குப் புதுக் கவலை. கம்பெனியிலிருந்து ஈரமான பச்சைத் தோல் வார்களைக் கொண்டுவந்து, மூடியோடு தொட்டியைச் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, முனையில் பூட்டும் போட்டார்.

"பதம் போட்ட வாரு பேஜாரு சார், தொளதொளன்னு பூடும். இது பச்சத் தோலு. யானை வந்தாலும் அவுக்காது."

யானை என்ன, அவராலேயே அவிழ்க்க முடியவில்லை. பச்சைத் தோல் காய்ந்தால் இறுகும் என்பது ஆம்பூரில் பால்காரருக்குக்கூடத் தெரியும். ஆனால் மேஸ்திரி தோலைத் தண்ணீரில் மட்டுமே பார்த்து வாழ்ந்தவர். காயப்போடுவது வேறு டிபார்ட்மென்ட். மறுநாள் வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் வார்கள் காய்ந்து இரும்பாகி, பூட்டுக்குள் சாவியே திரும்பவில்லை. தெருக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்த்தார்கள். ம்ஹூம்.

நாற்காலியில் காத்திருந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்க, நான் அதுல எறங்கணுமா, இல்ல பூ போட்டுக் கும்பிடணுமா? அறுங்க!"

"அறுத்தா பசங்களுக்கு யாரும்மே ஜவாப்தாரி?"

பாய்தான் ரம்பம் கொண்டுவந்து அறுத்தார். கடைசி வார் படீரென்று விட்டதில் மூடி இரண்டாகப் பிளந்துவிட்டது. புது மூடி செய்ய வேண்டிய ஆசாரியோ குடியாத்தம் போயிருந்தான். மேஸ்திரி ஒரே முடிவாகக் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டார். அம்மா தொட்டியில் இருக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம், தொட்டியின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் அவரே உட்கார்ந்துகொண்டார். காரணம் கேட்ட மேனேஜரிடம் காய்ச்சல் என்றேன். 'தொட்டிக்கு மூடி இல்லை' என்று எந்த வாயால் சொல்வது?

அப்படி அவர் ஆவியில் வெந்துகொண்டிருந்த ஒரு காலையில், அம்மா வாசலுக்கு வந்தார். சுவரிலிருந்து கையை எடுத்தார். படி இறங்கினார். பாய் கடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"மேஸ்திரி! அம்மா நடக்கறாங்க! சுவரப் பிடிக்காம நடக்கறாங்க!" என்று கத்தினேன்.

பாதி எழுந்தார். கீழே அப்போதுதான் ஊற்றிய வெந்நீர். வேலியோரம் பசங்கள். மறுபடி உட்கார்ந்துவிட்டார். "நான் எழுந்தா இத யாரு பாத்துக்குவா சார்?" என்றார்.

கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பாய் ஓடி வந்தார். "எழுந்துருய்யா! நான் குந்திக்கிறேன். போய்ப் பாரு, போ!" அவரைத் தள்ளிவிட்டு, வெள்ளை வேட்டியோடு பலகைமேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மேஸ்திரி ஓடினார். பக்கத்தில் போகாமல் கரண்டுக் கம்பத்தருகே நின்று, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஆளில்லாத கடைமுன் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார்.

"இன்னா அங்கயே நின்னுட்டீங்க? கடையில யாருமில்ல. வந்து ரெண்டு வெத்தல எடுத்துக் குடுங்க."

போய் எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.