தாய்மொழி என்ற கட்டத்தில் உண்மையை எழுதியவன்

காஞ்சிபுரம்
12.8.2008

அன்புள்ள தம்பி தனசேகரனுக்கு அண்ணன் துரைக்கண்ணு எழுதுவது. நானும் உன் அண்ணி அம்சவேணியும் ஏதோ இருக்கிறோம். பெங்களூரில் நீங்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்கக் காமாட்சி அருள வேண்டும். இரண்டு முறை போன் செய்தேன். மீட்டிங் என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நீ சொன்ன இன்டர்நெட் திருமணத் தளத்தில் நம் பெண் மஹாலட்சுமியைப் பதிவு செய்தேன். தாய்மொழி என்ற கட்டத்தில் தெலுங்கு என்று போட்டேன். வீட்டில் நாம் பேசுவது அதுதானே. மறுநாள் திறந்தால் பக்கம் முழுக்கத் தெலுங்கு எழுத்து. பிரவுசிங் சென்டர் லில்லியைக் கேட்டேன்.

"நீங்கதானே அண்ணே தெலுங்குன்னு போட்டீங்க?"

"பேசுவேம்மா. படிக்க வராது."

"அத நீங்க சொல்லலயே."

"அது கேக்கலயேம்மா."

எந்த மொழியில் காட்டுவது என்பதற்கு, இருக்கும் ஊர், கணினியின் மொழி எல்லாவற்றையும் விட ஆள் கொடுத்த பதிலைத்தான் தளம் நம்பும் என்று நீ முன்பு சொன்னாய். என்னை இந்த அளவு நம்பியவர்கள் நம் உறவில்கூட யாரும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பையனின் படம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் விருப்பம் அனுப்பியிருக்கிறார்கள், ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று, மற்றவர்களுக்கு வந்ததைப் பார்த்த பழக்கத்தில் சொன்னாள் லில்லி. பதினொரு பேரை வேண்டாம் என்ற மஹாலட்சுமி, இந்தப் படத்தை அச்செடுத்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். பெயரோ ஊரோ படிக்க முடியவில்லை. எண் மட்டும் புரிந்தது. 7 என்றிருந்தது 6 ஆனது. தினமும் ஏனாத்தூரிலிருந்து வேலை முடிந்து வந்ததும், "இன்னிக்கு எவ்ளோப்பா?" என்பாள். 3 என்று காட்டிய அன்று கோயில் வாசலில் ஆந்திர யாத்ரீகர் ஒருவரைக் கெஞ்சி அழைத்து வந்தேன். நாலு வரி படித்தார். அந்த அச்சுத் தெலுங்கு எனக்கு விளங்கவில்லை. நான் பேசியதைக் கேட்டு, இது எந்த ஊர் பாஷை என்றார். கீழே இருந்த இரண்டு பட்டன்களில் எது சம்மதம் என்று கேட்பதற்குள் பஸ் ஹாரன் அடித்தது, ஓடிவிட்டார்.

1 என்று காட்டிய அன்று லில்லி வேறு வேலையாக இருந்தாள். ஒரு பட்டன் பச்சை, ஒரு பட்டன் சிவப்பு. முப்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்திருக்கிறேன். முகூர்த்தப் புடவை என்றால் சிவப்புதான் கேட்பார்கள். சிவப்பை அழுத்தினேன். படம் மறைந்துவிட்டது. சம்மதம் சொல்லியாயிற்று என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அண்ணி பாயசம் வைத்தாள். பத்து நாளாக அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. ஆகவே தம்பி, கடவுச்சொல் பின்பக்கத்தில் இருக்கிறது. எப்படியாவது அதைத் தமிழுக்கு மாற்றிக் கொடு. உன் காலைப் பிடிக்காத குறை.

குழந்தைகளுக்கு எங்கள் ஆசி. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
துரைக்கண்ணு

பி.கு.: தபாலில் போட வந்த வழியில் லில்லி கூப்பிட்டாள். பக்கத்தின் அடியில் 'தமிழ்' என்று தமிழிலேயே எழுதியிருக்கிறது. முதல் நாளிலிருந்தே இருந்ததாம். அதை அழுத்தியதும் எல்லாம் படிக்க முடிந்தது. முதல் வரி: 'இந்த வரனை நீங்கள் நிராகரித்துவிட்டீர்கள்.' இரண்டாவது வரியில் ஊர்: ஐயம்பேட்டை. ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். நாளைக் காலை நானே போய் அவர்களிடம் நின்று பேசுகிறேன். இன்று சாயங்காலமே மஹாலட்சுமி பதில் பார்க்க இங்கே சென்டருக்கு வருகிறாளாம். அதனால் லில்லியிடம் சொல்லி மறுபடி தெலுங்குக்கே மாற்றிவிட்டேன். நீ எதிலும் கை வைக்காதே.